மறுமுனை கட்டாத கயிறு

இதில் பெரிய முட்டாள் நானே என்பதால் எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் ரயிலேறி ஒரு கெமிக்கல் கம்பெனிக்குப் போகிறேன். டாங்கர் லாரி மேல் ஏறி ஆசிட் நிரப்புவது வேலை. விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே உள்ள கம்பியில் கட்ட வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் துரையோ வெள்ளைச் சட்டை அழுக்காகுமென்று ஏணியில் கால் வைக்கமாட்டார். கீழிருந்து பார்க்கும்போது இடுப்பில் கயிறு தெரிந்தால் போதும், நோட்டில் 'சரி' போட்டுவிடுவார். நாங்களும் மறுமுனையைச் சும்மா தொங்கவிடுவோம். எங்களில் ஒழுங்காகக் கட்டும் ஒரே ஆளான காசிமை, "இன்னா மச்சி, மாடு மாதிரி கட்டிக்கினு கீறே?" என்று கேலி செய்தவனே நான்தான்.

போன வருஷம் லாரி மேலிருந்து வழுக்கி விழுந்தேன். ஆசிட் ஜாடிகளைச் சுற்றிவைக்கும் வைக்கோல் குவியல் கீழே இருந்ததால் தலை தப்பியது, கை முறிந்தது. ஓடிவந்த துரை கேட்ட முதல் கேள்வி: "இடுப்புல கயிறு இருந்துச்சு இல்ல?" அவருக்கு அந்த ஒரு கவலைதான்.

இப்போது மறுமுனையைக் கம்பியில் கட்டிய பிறகே இடுப்பில் கட்டுகிறேன். காசிமின் முடிச்சையும் இழுத்துப் பார்க்கிறேன்.

"என் முடிச்ச இழுத்தது போதும் நைனா, அந்தத் துரைய ஒரு தபா மேல ஏத்து" என்றான் அவன்.