பிள்ளையார் வயிற்றில் ஒரு கல்யாணம்

கடலூர் மக்களே, இன்று காலை என் வீட்டில் ஒரு முழுக் கல்யாணமே காணாமல் போனது!

சிதம்பரத்தில் நடந்த தன் கல்யாணப் படங்களை வாங்கிப்போக அக்கா மகள் கயல் வந்திருந்தாள். கேமரா கார்டை எப்போதோ அழித்தாயிற்று. என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

"இரும்மா, டார்னு ஒரு கட்டளை போட்டு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டித் தரேன்" என்று மார்தட்டினேன். கட்டியதும் தனித்தனிப் படங்களை அழித்துவிடு என்றும் அதிலேயே உத்தரவிட்டேன்.

"மாமா, பிள்ளையார் படம் மட்டுந்தான் இருக்கு. அதுவும் தொறக்க மாட்டேங்குது. என் கல்யாணம் எங்க?"

கெடிலம் ஆறே என் நெற்றியில் பெருக்கெடுத்தது.

"அவரு வீட்டுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கயல் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

பிறகுதான் கவனித்தேன். ஃபைல் அளவில் பிள்ளையார் ஒரு கோபுரம்போல வீங்கியிருந்தார்! மூட்டைக்குப் பெயர் கொடுக்க நான் மறந்திருக்கிறேன். கட்டளையோ வரிசையில் முதலில் நின்ற படத்தையே மூட்டையாக்கி, மீதியை அதற்குள் திணித்துவிட்டது. நம் வீட்டு ஆல்பத்தில் முதல் படம் எப்போதும் பிள்ளையார்தானே!

பிள்ளையாரைப் பிரித்தேன். தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை மொத்தமும் வெளியே வந்து விழுந்தது. மூட்டையாகவே மாறிவிட்ட அவர் படம் மட்டும் போனது போனதுதான்.

"பிள்ளையாரு முன்னாடி நிக்கலன்னா எந்தப் படம் மாமா போயிருக்கும்?"

"அடுத்தது உன் மாமியார் படம்."

கயல் அங்கேயே தோப்புக்கரணம் போட்டாள்.

சிதம்பரம் கல்யாண மண்டப வாசல் பிள்ளையாரை யாராவது படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள். தயவுசெய்து மூட்டை கட்டாமல்!