முகத்துவாரத்தில் ஒரு காலை

குரங்கணியில் ஏலச்செடிகளுக்கு நடுவே வளர்ந்த என் மகளுக்குக் கண்மாய்த் தண்ணீரைக் கண்டாலே பயம். அவளைத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டுப் போடிக்குத் திரும்பிய பஸ்ஸில், வழியெல்லாம் நான் அழுதேன்.

போன தை மாதம் அவளைப் பார்க்கப் போனேன். மறுநாள் காலையில் என்னை மருமகனின் சிறிய படகில் உட்காரவைத்து, அவளே துடுப்புப் போட்டாள். மருமகன் கரையில் நின்று சிரித்தார்.

"வெளிய அலை அடிக்கும்ப்பா. ஆறு கடல்ல சேர்ற எடத்துல தண்ணி ஆடாது. மீனும் அங்கனதான் கடிக்கும்," என்றாள் மகள்.

படகு லேசாக ஆடியதற்கே நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "வெரசாப் போகாத ஆத்தா," என்றேன்.

"நான் இருக்கேன்லப்பா," என்று தூண்டில் நரம்பை என் கையில் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் நரம்பு வெடுக்கென்று இழுபட்டது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். ஒரு கெளுத்தி துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. ஆசையாகக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க, முள்ளு குத்திரும்," என்று என் கையை விலக்கிவிட்டு, நிதானமாகத் தூண்டில் முள்ளைக் கழற்றினாள்.

கரைக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டேன். "நம்ம பிள்ள நல்லா இருக்கா," என்றேன்.