அதிகாரியின் விழித்திரை

அந்தமானின் மாயாபந்தர் ஜெட்டியில் பயணிகள் காத்திருக்கும் கொட்டகைக்கு முன்பக்கம் பாதி வெள்ளையடித்த சுவர், பாதி கறையானுக்குப் பயந்து தார் பூசிய பலகை. இரண்டின் குறுக்கேயும் சாம்பல் நிறத்தில் ஒரே பட்டை. அடித்தவர் என் மனைவியின் அண்ணன், தூத்துக்குடிக்காரர்.

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கிய அதிகாரி அதைப் பார்த்தார். பார்வையா அது!

"சுவத்துல கெட்டியா இருக்கு, பலகையில வெளுத்திருக்கு. பெயிண்டை வித்துட்டு மண்ணெண்ணெய் கலந்தியா?"

"சத்தியமா ஒரே டப்பா, சாப்" என்றார் மச்சான்.

"திருட்டுப் பய. இனிமே உனக்கு சர்க்கார் வேலை கிடையாது."

அந்தக் காலத்தில் மாயாபந்தரில் சர்க்கார் வேலையை விட்டால் பெயிண்டருக்குக் கடலில் குதிப்பதுதான் மிச்சம்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். சும்மா இருக்க முடியவில்லை. விழித்திரையின் நரம்புகள் வெளிச்சத்தை மூளைக்குக் கடத்த மட்டும் செய்வதில்லை, பக்கத்து நரம்புகளை அடக்கவும் செய்யும், அதற்கென்றே தனி இணைப்புகள் உண்டு என்றேன். வெள்ளைக்கு நடுவே இருக்கும் சாம்பல் அதிகம் அடக்கப்பட்டுக் கறுத்துத் தெரியும். கறுப்புக்கு நடுவே அடக்க ஆளில்லாமல் வெளுத்துத் தெரியும். குரங்குக்கும் இதே கண்தான். ஆனால் எந்தக் குரங்கும் அதை நம்பி ஒருவனைத் திருடன் என்றதில்லை.

சுவரும் பலகையும் சேரும் இடத்தில், இரண்டு ஓட்டை போட்ட செய்தித்தாளை வைத்து மறைத்துக் காட்டினேன். அதிகாரி குனிந்து பார்த்தார். ஓட்டைகளில் ஒரே நிறம்.

"சரி, பேப்பரை எடுங்க" என்றார். எடுத்தேன். "பாத்தீங்களா, வேற வேற! பப்ளிக் என்ன பேப்பரை வச்சுக்கிட்டா பாப்பாங்க? நாளைக்கு வருவேன். ஒண்ணா இருக்கணும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எனக்கு வந்த ஆத்திரத்தில் செய்தித்தாளைக் கசக்கி எறிந்தேன்.

மச்சான் மீதிப் பெயிண்டில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து, பலகையில் இருந்த பாதியை மட்டும் மறுபடி அடித்தார். இப்போதுதான் அது உண்மையிலேயே இரண்டு நிறம்.

மறுநாள் அதிகாரி வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இதுதான் ஒரே கலர்! திட்டினாத்தான் ஒழுங்கா செய்வீங்க. அடுத்த கட்டடமும் நீயே அடி" என்று மச்சானின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை.

"நான் அடிச்சதுலயே இது ஒண்ணுதான் கள்ள வேலை, மாப்ள" என்றார். "இதுக்குத்தான் நல்ல பேரு குடுத்துட்டுப் போறான்."