காற்றுக்கு வைத்த பொட்டு

புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் என் கணவருக்கு இருப்புக்கொள்ளாது. பைக், தண்ணீர் மோட்டார், ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின், எல்லாவற்றுக்கும் நெற்றியில் பொட்டு. மிக்சிக்கு எது நெற்றி என்று அவரைத்தான் கேட்க வேண்டும். எப்படியோ போகட்டும் என்று விட்டிருந்தேன். என் ஓவியத்திலும் கை வைப்பார் என்று நினைக்கவில்லை.

குலசேகரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைப் புயல் புரட்டிப்போட்ட வருடத்திலிருந்து அந்தக் காற்றை வரைந்துகொண்டிருந்தேன். மரமில்லை, வானமில்லை, கறுப்பும் கரும்பச்சையும் சுழன்றடிக்க, நடுவே வெள்ளைக் கீற்றுகள். வருகிறவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்து, "டீச்சர், இதுல மேல எது, கீழ எது?" என்று என் பிராணனை வாங்கினார்கள். தக்கலையில் அதற்குச் சட்டம் போட்டவர் தலைகீழாகவே போட்டுத் தந்தார். என் கணவரோ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐம்பத்திரண்டு வயதில், முதல்முறையாக, திருவனந்தபுரத்தில் ஒரு கண்காட்சிக்கு அந்த ஓவியம் தேர்வானது. காலை பத்து மணிக்கு வேன் வரும். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வெள்ளைக் கீற்றின்மேல் மூன்று பொட்டு!

"அய்யோ, என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீங்க! இது என்ன மோட்டாரா?"

ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு பொட்டு போனது; போன இடத்தில் சிவப்பாகக் கறை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் குங்குமச் சிமிழும் கையுமாக நின்றார்.

"ஏட்டி, கோவப்படாத. மொதல் தடவையா வெளிய போவுதுல்லா, கண்ணு பட்டுரப்பிடாதுன்னு…"

"ஓரமா வச்சுத் தொலைச்சா என்ன?"

"ஓரத்துல என்னத்துக்கு? அன்னைக்கு ஒடிஞ்சு கெடந்த மரத்துல எல்லாம் பாலு வடிஞ்சுதுல்லா. இதுதானே அது?" விரல் படாமல் வெள்ளையைக் காட்டினார். "பாக்க முடியல்லட்டீ. அதான் திரும்பி இருப்பேன்."

தேர்வு செய்தவர்கள்கூட அதைக் கடல்நுரை என்றுதான் எழுதியிருந்தார்கள். இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை வாயைத் திறந்து சொல்ல இத்தனை வருஷமா? எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. துணியைக் கீழே போட்டேன்.

"அழிச்சதைத் திரும்ப வைங்க," என்றேன். "சின்னதா வைங்க. வழிஞ்சுதோ, கொன்னுருவேன்."