முன்வரிசைத் தியாகலிங்கத்தார்

இல்லை, தியாகலிங்கத்தாருக்குத் தாளம் தெரியாது என்று ஊர் சொல்வது அநியாயம். தெரியும். எட்டில் முடிய வேண்டிய தாளம் அவருடைய தொடையில் ஒன்பதில் முடியும், அவ்வளவுதான். ஒரு தட்டு, பிறகு சின்னிவிரல், மோதிரவிரல், நடுவிரல்; அதோடு நிறுத்தச் சொல்கிறது ஆதிதாளம். சுட்டுவிரல் மட்டும் என்ன பாவம் செய்தது என்று இவர் அதையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் அடுத்த தட்டுக்குப் போவார். இரக்கமுள்ள மனிதர். அதைக் குற்றம் என்று சொல்கிறவள் பக்கத்து வீட்டு இரத்தினம்மா. "உந்த மனுசன் முன்னுக்கிருந்தால் கச்சேரி நாசம்" என்று மீன்காரன் வரும் நேரம் பார்த்து ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வாள். அவளுடைய மருமகள் மூன்று வருடமாக அதே வீட்டில் வீணை படிக்கிறாள். அது நாசமில்லையாம், சாதகமாம்.

சுன்னாகத்தில் பஸ்களை நேரத்துக்கு அனுப்பும் ரைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர் தியாகலிங்கத்தார். இப்போது நேரம் பார்ப்பது கச்சேரிகளுக்கு மட்டும். தெருவில் கண்டால் சுகம் விசாரிக்க மாட்டார். "வாறது என்ன?" என்பார். அடுத்த கச்சேரி என்ன என்று அர்த்தம். மதிலில் புதுப் போஸ்டர் ஒட்டினால் பசை காயமுன்னர் வாசித்துவிடுவார். கலண்டரில், பட்டணத்து மைதானத்துக்கு இந்தியப் பாடகர் வரும் நாளுக்குச் சிவப்பு வட்டம், வயலின் கச்சேரிக்கு நீலம், கோயில் மேளத்துக்குப் பச்சை. மனைவி குணலட்சுமி சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகும் திகதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கலண்டரில் அதற்கு நிறம் மிச்சமில்லை.

சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் இளசுகள் கதிரையில் ஏறிக் குதிப்பார்கள். இவர் நடுவில் கண்ணை மூடியிருந்து ஒன்பது எண்ணுவார். "அங்கிள், எழும்பி ஆடுங்கோ!" என்றால், "பொறு தம்பி, கணக்குத் தவறிப்போகும்" என்பார். அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கு என்ன தெரியும்? வில்லங்கம் வந்தது கோயிலில். போன வருடம் எட்டாம் திருவிழாவில், அளவெட்டியிலிருந்து வந்த தவில் வித்துவான் நீளமாக ஒன்றை அடித்துக்கொண்டுபோய், முடிக்கும் இடத்தில் கண்ணைத் திறந்தார். எதிரே தியாகலிங்கத்தாரின் சுட்டுவிரல். வித்துவானின் முடிப்பு ஒரு எண்ணிக்கை பிந்தி விழுந்தது. வீதியில் இருந்த சனம் சிரித்தது. தியாகலிங்கத்தார் மட்டும் தலையை ஆட்டி, "சபாஷ், சரியா வந்திட்டார்" என்றார்.

இந்த வருடமும் அதே வித்துவான்தான். பச்சை வட்டம் போட்ட மறுநாள் கோயில் சபைச் செயலாளர் பிரகாஸ் வந்து கதிரை நுனியில் இருந்தான்.

"அங்கிள், இந்தமுறை வீட்டிலை இருந்து நேரலையிலை பாருங்கோவன். கனடாச் சனமெல்லாம் அப்பிடித்தான் பாக்குது."

"நான் என்ன கனடாவிலையோ இருக்கிறன்?"

பிரகாஸ் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்தான். குசினியிலிருந்து குணலட்சுமி வெளியே வந்தாள்.

"சுத்தி வளைக்காதை தம்பி. என்னவாம்?"

"அங்கிள் முன்னுக்கிருந்தால் வித்துவான் தவிலைத் தொடமாட்டாராம், அன்ரி. அங்கிளின்ரை தாளம்... பிழையாம்."

குணலட்சுமிக்கு அது கலியாணம் முடித்த கிழமையே தெரியும். முப்பத்தெட்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தவள் அவள்.

"அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கட்டுமே! இவரின்ரை தொடையைப் பாத்தோ அவர் தவில் பழகினவர்?" என்று பாய்ந்தாள். பிறகு குரலைத் தணித்து, "கை சும்மா இருந்தால், முன்னுக்கு இருக்க விடுவியளோ?" என்றாள்.

"கை சும்மா இருந்தால் ஓம். ஆடினால் நான்தான் வந்து எழுப்பிவிடவேணும், அன்ரி. அத்தனை சனத்துக்கு முன்னாலை."

அடுத்த பத்து நாளும் வானொலி பாடியது. தியாகலிங்கத்தார் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் இருந்தார். சாப்பிட மட்டும் எடுத்தார். "இனி மனுசன் வெளிக்கிடாது" என்று இரத்தினம்மா மீன்காரனிடம் உறுதி சொன்னாள்.

எட்டாம் திருவிழா வந்தது. பின்னேரம் அறையிலிருந்து வந்தவரைக் கண்டு குணலட்சுமி திகைத்துப்போனாள். பட்டு வேட்டி கொடியிலேயே கிடந்தது. மகளின் கலியாண வரவேற்புக்குத் தைத்த கறுப்புக் காற்சட்டைக்குள் அவர் மூச்சுப் பிடித்து நின்றார்.

"விசரே உங்களுக்கு? திருவிழாவுக்கு ஆரும் காற்சட்டையோடை போவினமே?"

"வேட்டிக்குப் பொக்கற் இல்லையப்பா."

இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை பைக்குள் இறங்கியிருந்தன. கோயில் பக்கம் நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது. அவர் முற்றத்தைத் தாண்டி வாசல் படலையடியில் போய் நின்றார். படலை கொளுவியிருந்தது. மதிலுக்கு மேலால் இரத்தினம்மாவின் தலை எழும்பியது. அவர் கையை எடுக்கவில்லை. முழங்காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். குணலட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி இறங்கி வந்து, கொளுக்கியைக் கழற்றி, படலையை அகலத் திறந்துவிட்டாள்.