நதீரா பாடாத கவி

கல்முனையில் எங்கள் குடியின் வாய் எது என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் நதீராவைக் காட்டும். குடி என்பது உம்மா வழியில் வருவது. ஒரே குடிக்குள் கல்யாணம் கிடையாது. ஒரே தலைமுறை ஆணும் பெண்ணும் உடன்பிறப்பு முறை. கேலிக்கவி கட்டி ஒருவனை உரிக்க வேண்டுமென்றால் அவன் வேறு குடியில் மச்சான் முறைக்காரனாக இருக்க வேண்டும். நதீரா உரித்த மச்சான்மாரில் சிலர் இன்றைக்கும் அவள் வீட்டுச் சந்தான அந்த ஒழுங்கையால் போவதில்லை.

புருஷன் மௌத்தானபின் நெல்லவித்து அரிசி விற்றுத்தான் மகள் பஸ்மினாவை வளர்த்தாள். போன வருடம் கொழும்பிலிருந்து மரபுரிமை காக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் வந்து, நெல் காயும் பாயருகே அவளை உட்கார்த்தி, பொழுதுக்கும் பாடவைத்துப் பதிந்துகொண்டு போனது. குடித்த தேநீரும் அவளுடையதுதான்.

பிறகு அவர்கள் விட்ட ஒரு செயலி போனில் வந்தது. யாருடைய பெயரையாவது அடித்தால் செயற்கை நுண்ணறிவு புதிதாகக் கவி கட்டும். பாடுவது நதீராவின் குரல். எந்தக் குரங்கோ ஆதம்பாவாவின் பெயரை அடித்துவிட்டது.

முத்தான மச்சானே ஆதம்பாவா
முழுநிலவு உன் முகந்தானோ

ஆதம்பாவாவின் முகம் மாசிக்கருவாடு. அது கிடக்கட்டும். அவர் நதீராவின் பெரியம்மா மகன், கூடப்பிறந்த காக்கா, அதாவது அண்ணன் மாதிரி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்காகப் பேசும் மரைக்காரும் அவர்தான். பஸ்மினாவின் கல்யாணப் பேச்சில் பெண் வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டியவர். ஊர் முழுக்க "மச்சான்" என்று சிரித்ததும், அந்தக் கவி போகும்வரை அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றுவிட்டார். அவர் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டாரை யார் கூப்பிடுவது?

அதை எடுத்துவிடச் சொல்லி நதீரா கொழும்புக்குப் போன் எடுத்தாள். ஹாதிக் என்ற பொடியன், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ராத்தா போட்டுப் பேசினான்.

"ராத்தா, கவி மரபுச் சொத்து. தனி ஒராளுக்கு உரிமை இல்ல."

"இது ஆரு கட்டின கவி?"

"மெஷின். மெஷினுக்கும் பதிப்புரிமை இல்ல."

"கொரல் என்டதானே?"

"கொரலுக்கு அந்தச் சட்டம் வராது. எடுக்க ஏலா."

"அப்ப கவிக்கு ஆளில்ல, கொரலுக்கு ஆளில்ல. ஏச்சு வாங்கத்தான் நானா?"

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்தான். மேலிடம் எந்தக் காலத்தில் பதில் சொன்னது?

என்னிடம் வந்து குமுறினாள். "ஹாதிக்கா? அக்கரைப்பற்றுச் சாலிஹுடைய பேரன் ஒருத்தன் கொழும்பிலே இருக்கிறான். அவண்ட உம்மா நம்மட குடி. நீ அவனுக்குச் சாச்சி, உம்மாட தங்கச்சி முறை" என்றேன்.

நதீரா சும்மா இருப்பாளா? பஸ்மினாவின் போனை வாங்கி அந்தச் செயலியில் ஹாதிக் என்று அடித்தாள். தேன் வடியத் தேன் வடிய "மச்சானே ஹாதிக்" என்று சாச்சியின் குரல் மகன் முறைக்காரனை மாப்பிள்ளையாகக் கூப்பிட்டது. என்னிடம் நம்பர் வாங்கி அதை அப்படியே அவனுடைய உம்மாவுக்கு அனுப்பிவிட்டு நெல்லைக் கிண்டப் போனாள்.

அஸர் தொழுகைக்கு முன்னால் ஹாதிக்கிடமிருந்து போன் வந்தது.

"சாச்சி, உங்கட கொரல செயலியில இருந்து முழுசா எடுத்தாச்சி. உம்மாட்ட ஒருக்காச் சொல்லுங்க."

"எடுக்க ஏலாதெண்டாய்?"

"சட்டத்தால ஏலா. உம்மாவால ஏலும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆதம்பாவா வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"அது நீ பாடலெண்டு கேட்டவுடனயே தெரியும் புள்ள. உன்ட வாயில அவ்வளவு மரியாத வராது."

"அப்ப ஏன் காக்கா வராம இருந்தீங்க?"

"எனக்குத் தெரிஞ்சாப் போதுமா? ஊருக்கும் தெரியோணும்."

பிறகு, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வருவார்கள், எருமைத் தயிருக்குச் சொல்லியாகிவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினார்.