ஏதோ இருக்குதுங்க

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிவாசலில் நடந்தது இது. ஒரு பல்கலைக்கழகம் அங்கே மலைமேல் கோடைப் பள்ளி நடத்தியது. பாடம், வியாபாரத்துக்கான ஜெர்மன் மொழி. மாம்பழம் விற்கிறவளுக்கு ஜெர்மன் எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எங்கள் சொந்தக்காரர்கள் அதை முன்பே கேட்டு முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு முதலமடையில் மாந்தோப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மரம் பூக்கும்போதே வியாபாரிகள் வந்து தோப்பைப் பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு காய்த்தாலும் அது அவர்களுடையது. அந்த வருடம்தான் நானும் என் கணவரும் முதல் முறையாக, தோப்பைக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டோம். பழத்தை நாங்களே அறுத்து, காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசை. ஜெர்மனியில் உலர்பழம் விற்கும் ஒருவர், நாங்கள் அனுப்பிய மாதிரியைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது, மற்றதைத் தன் மொழியில் பேசினால் நல்லது என்று எழுதியிருந்தார். அவர் வாங்காவிட்டால் வேறு ஆள் கிடையாது. பூவில் திருப்பி அனுப்பிய வியாபாரிகள் பழத்துக்கு வருவார்களா என்ன?

அதனால்தான் அறுவடை நேரத்தில் தோப்பைக் கணவரிடம் விட்டுவிட்டு மலையேறினேன். காய்ந்து கிடக்கும் எங்கள் ஊரிலிருந்து போனவளுக்கு அந்த இடமே பாதித் தூக்கத்தில் பார்ப்பது போல் இருந்தது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருக்கும். சற்று நேரத்தில் மூடுபனி வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆசிரியை ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி. ஈரப்பதம், சரக்கு, தவணை என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். எங்கள் குரல்களும் பனிக்குள் நடந்து போய் எங்கோ உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் கனவில் எங்கள் மாமரங்கள் வரிசையாக நின்று ஜெர்மனில் பேசின. என்னைவிட நன்றாகவே பேசின.

கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் நிஜமான ஒரு வாடிக்கையாளரோடு வகுப்பிலேயே கணினி வழியாகப் பேச வேண்டும். என் முறை வந்தது. திரையில் அந்த உலர்பழக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வணக்கம் சொன்னார். நான் தயார் செய்துவைத்திருந்ததையெல்லாம் தடுமாறாமல் பேசினேன். பிறகு அவர், இந்த வருடம் விளைச்சல் எப்படி என்று கேட்டார்.

இங்கே எங்கள் ஊர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மரம் ஒடியக் காய்த்திருந்தாலும், காய் நிறைய இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் கண்ணு பட்டுவிடும். காற்று வரும், பூச்சி வரும், என்னென்னவோ வரும். யார் கேட்டாலும், ஏதோ இருக்குதுங்க என்பதுதான் பதில். கேட்கிறவருக்கும் அது தெரியும். பிள்ளைகள் நன்றாகப் படித்தாலும் அதே பதில்தான், வீடு கட்டினாலும் அதே பதில்தான்.

நானும் அதையே சொன்னேன். ஏதோ இருக்கிறது, சுமார்தான் என்று பிழையில்லாத ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை தலையசைத்தார். அந்த மனிதர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார்.

அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது. விளைச்சல் போதுமானதாக இல்லாததால் இந்த வருடம் உங்களிடம் வாங்க இயலாது, மறைக்காமல் சொன்ன உங்கள் நேர்மைக்கு நன்றி என்று எழுதியிருந்தார். என்னுடைய நேர்மையாம்!

என் அறைத்தோழி அந்தப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை பார்ப்பவள். நான் அழுவதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இப்ப மரத்துல காய் இருக்கா இல்லையாக்கா?”

“ஏதோ இருக்குதுங்க” என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அவள் சிரித்துவிட்டாள். “அழுதுக்கிட்டிருக்கிற நேரத்துல, பக்கத்துல படுத்திருக்கிற எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கிறீக. அவருக்கு எப்படிக்கா தெரியும்?”

எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. மறுநாள் ஆசிரியையிடம் போய், இன்னொரு முறை பேச வேண்டும் என்று கெஞ்சினேன். அவர் எழுதிக் கேட்க, மதியத்துக்கு மேல் அந்த மனிதர் மறுபடியும் திரைக்கு வந்தார். என் மடியில் இரண்டு கைகளையும் இறுக்கிக் கோத்துக்கொண்டு பேசினேன். மரங்கள் நிறைந்து இருக்கின்றன. பாரம் தாங்காமல் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் கல்யாணமாகி வந்த பிறகு இப்படி ஒரு காய்ப்பைப் பார்த்ததில்லை.

அவ்வளவையும் என் வாய்தான் சொன்னது. தமிழில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன். வேறு மொழியில் சொல்லும்போது, தலைச்சுமையை இறக்கி வைத்தது போல் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முழுத் தோப்பும் அந்த அறைக்குள் வந்து, மஞ்சளும் பச்சையுமாகத் தொங்குவதாகத் தோன்றியது. நேற்று ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். எங்கள் ஊரில் சொல்ல மாட்டோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். பிறகு, இந்த வருடப் பழத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் காற்று எழுந்தது. தேயிலைச் சரிவு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு கல் எறிவதுபோல் கோடை மழை. கரண்ட் போனது, போனிலும் சிக்னல் இல்லை. இந்தக் காற்று எங்கள் ஊரிலும் அடித்தால் கனிந்த பழத்தில் ஒன்றும் மிஞ்சாது. நான் வாயைத் திறந்து சொன்னேனே, சொன்ன அன்றைக்கேதானே காற்று வருகிறது என்று எனக்குள் ஒரு பயம். வணிகவியல் படித்தவள்தான் நான், இருந்தும் பயந்தேன். தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மழை விட்டு, வானம் கொஞ்சம் வெளுத்தபோது கணவருக்குப் போன் கிடைத்தது.

“ஏனுங்க, அங்க காத்துங்களா?” என்றேன்.

“பலமான காத்துதான். நாலஞ்சு கெளை ஒடிஞ்சுது. இப்பத்தான் தோப்பு முச்சூடும் சுத்திப் பாத்துட்டு வந்தேன்” என்றார் கணவர்.

“காயிங்க?”

மரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது போலச் சொன்னார்.

“ஏதோ இருக்குது புள்ள.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இழப்பு என்றால் அவர் போச்சு என்று நேராகச் சொல்லிவிடுவார். தோப்பு பத்திரமாக இருக்கிறது, நிறைய இருக்கிறது, நீ பயப்படாதே என்பதையெல்லாம் அந்த மூன்று வார்த்தையில் கேட்டேன். தோழி பதறிப்போய் என்னக்கா என்றாள். ஏதோ இருக்குதாம் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் அவளுக்கும் எங்கள் பாஷை புரிந்துவிட்டது.

அந்த வருடம் சரக்கு நல்லபடியாகப் போனது, இப்போதும் போகிறது. ஊரில் யார் கேட்டாலும் இன்றைக்கும் நான் ஏதோ இருக்குதுங்க என்றுதான் சொல்கிறேன். ஆனால் காய்ப்புக் காலத்தில் காலை நேரம் தோப்புக்குள் தனியாக நடக்கும்போது, மரத்தில் கை வைத்து, நீங்கள் நிறைந்து இருக்கிறீர்கள் என்று ஜெர்மனில் மெல்லச் சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயப்படாமல் வீட்டுக்குத் திரும்புகிறேன்.